குஞ்சின் கால் விரிந்துகொண்டால்: வாசகர் கேள்வி – பதில்

கூண்டுப் பறவை வளர்ப்போரிடமிருந்து குஞ்சுகளின் கால் கோணலைப் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் விவரம் கூடுதலாக உள்ள கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. மண் பானைக்குள் 5 முட்டைகள் இட்டு, 4 பொரிந்தன. மூத்த குஞ்சுக்கு இப்போது 12 நாள். மற்றவை வயிற்றுக்கு அடியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்க, இது மட்டும் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் நீட்டி, மார்பு தரையில் படக் கிடக்கிறது. நகர வேண்டுமானால் நீந்துவதுபோல் கால்களை உதைக்கிறது. வாங்கிய கடையில் கேட்டால், “அது தேறாது, விட்டுவிடுங்கள்” என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்குத் தொலைபேசியில் உடனே சொன்னதையே மற்ற வாசகர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். கடைக்காரர் சொன்னது சரியல்ல. 12 நாள் குஞ்சின் கால் எலும்பு இன்னும் இறுகியிருக்காது. காலை எந்த நிலையில் நிறுத்திவைக்கிறோமோ அந்த நிலையிலேயே அது வளர்ந்து கெட்டிப்படும். இப்போது கோணலாகிக்கொண்டிருப்பதும் இதனால்தான், நேராக்க முடிவதும் இதனால்தான். லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜீஸ், முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய 2 கிராம் எடைதான் இருக்கும். ஒரு மாதத்துக்குள் தாயின் எடையை எட்டிவிடும். அவ்வளவு வேகமாக வளரும் உடலில் ஒரு வாரத் தாமதம் என்பது பெரிய தாமதம். எனக்கு வரும் கடிதங்களில் பல, இறகு முளைத்துக் குஞ்சு பானையை விட்டு வெளியே வந்த பிறகே எழுதப்பட்டவை என்பது வருத்தத்துக்குரியது.

காரணம் பெரும்பாலும் பானையின் அடிப்பகுதியாகவே இருக்கும். புதிதாகப் பொரிந்த குஞ்சால் கால்களை உடலுக்கு அடியில் இழுத்துப் பிடிக்க வேண்டுமானால், விரல்களுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். வழவழப்பான மண் தரையிலோ, பிளைவுட் பெட்டியின் வெறும் பலகையிலோ, மேலே தாயின் எடையும் அழுத்தும்போது கால்கள் இரு பக்கமும் வழுக்கி விலகிவிடுகின்றன. பட்ஜீஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுவதால் பொரிவதும் அதே இடைவெளியில்தான் நடக்கும். மூத்த குஞ்சு வெளிவந்த பின்னும் தாய் மிச்ச முட்டைகளின் மேல் இறுக்கமாக அமர்ந்து அடைகாத்துக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தை அதிக நாள் தாங்கியது உங்கள் மூத்த குஞ்சுதான்.

முதலில் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு கால்களையும் விரலால் மெதுவாக உடலுக்கு அடியில் கொண்டுவந்து பாருங்கள். எதிர்ப்பு இல்லாமல் இயல்பாக வந்தால், எந்த மூட்டிலும் வீக்கம் இல்லாவிட்டால், வீட்டிலேயே கட்டுப் போடலாம். எலும்பின் நடுவில் வளைவு தெரிந்தாலோ, ஒரு கால் மட்டும் தொங்கினாலோ, தொட்டவுடன் குஞ்சு கத்தினாலோ எலும்பு முறிவாக இருக்கக்கூடும். அப்போது கட்டுப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று எக்ஸ்ரே எடுப்பதே முறை.

கட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் அரை அங்குல மைக்ரோபோர் டேப் போதும். செல்லோடேப், ரப்பர் பேண்டு, தையல் நூல் ஆகிய மூன்றும் கூடவே கூடாது. வளரும் காலில் அவை வெட்டிக்கொண்டு இறங்கும். பறவையின் காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கணுக்கால் மூட்டு. அந்த மூட்டுக்குக் கீழே, விரல்களுக்கு மேலே, செதில் போர்த்திய மெல்லிய தண்டுப் பகுதியில்தான் கட்டு அமர வேண்டும். டேப்பை நீளவாக்கில் பாதி அகலமாகக் கிழித்துக்கொண்டு, ஒரு காலைச் சுற்றி, நடுவில் ஒட்டும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம்போல் நிற்குமாறு செய்து, அடுத்த காலைச் சுற்றி முடியுங்கள். இரண்டு கால்களுக்கும் இடையிலான தூரம் குஞ்சின் இடுப்பு அகலமே இருக்க வேண்டும். சீக்கிரம் சரியாகட்டும் என்று கால்களை நெருக்கிக் கட்டுபவர்கள் உண்டு. அப்படிக் கட்டினால் குஞ்சு நிற்க முடியாமல் கவிழும், இடுப்பு மூட்டும் தவறான பக்கம் திரும்பும். பாதம் முன்னோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பட்ஜீஸுக்கு இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னும் அமைந்திருப்பது இயல்பு; அதைக் கோணல் என்று எண்ணி நான்கையும் முன்னால் இழுத்துக் கட்ட வேண்டாம்.

கட்டிய ஒரு மணி நேரம் கழித்தும், அதன் பின் காலையும் மாலையும் விரல் நுனிகளைக் கவனியுங்கள். நிறம் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறினாலும், விரல் வீங்கினாலும், தொட்டால் குளிர்ந்திருந்தாலும் கட்டை அந்தக் கணமே வெட்டி எடுத்துவிட்டு, தளர்த்தி மறுபடி போடுங்கள். 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை பழைய கட்டை எடுத்துப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். இந்த வயதில் காலின் பருமன் நாளுக்கு நாள் கூடுகிறது. எடுக்கும்போது இழுத்துப் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் டேப்பை ஊறவைத்து, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் நடுப்பாலத்தை வெட்டிப் பிரியுங்கள். குஞ்சின் தோல் மிக மெல்லியது.

உங்கள் குஞ்சின் வயதில் ஒரு வாரத்துக்குள்ளேயே நல்ல மாற்றம் தெரிய வேண்டும். கட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் பாருங்கள். கால் மறுபடி விலகினால் இன்னும் சில நாள் கட்டுங்கள். ஆனால் பானையின் தரையை மாற்றாமல் காலை மட்டும் கட்டுவதில் பயனில்லை. இழைப்புளியில் உதிரும் மரச்சுருளை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். பிளைவுட் தூளும், வார்னிஷ் அடித்த மரத்தின் சீவலும், மூக்கில் ஏறும் நுண்ணிய மரத்தூளும் வேண்டாம். தாய்ப்பறவை முட்டையிடும் முன் இவற்றையெல்லாம் காலால் வெளியே தள்ளிவிடும் என்று பலர் குறைப்படுவது உண்மைதான். குஞ்சு பொரிந்த பிறகு போட்டால் பெரும்பாலும் விட்டுவைக்கும். அடுத்த முறை, உட்புறம் சொரசொரப்பாக உள்ள பானையையோ, அடியில் குழிவாகக் குடைந்த மரக்கட்டை வைத்த பெட்டியையோ வாங்குங்கள். தேங்காய் நாரை நீள நீளமாகப் போடுவது நம் ஊரில் வழக்கம். அதன் ஓர் இழை விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே காய்ந்து உதிர்ந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: மேலே சொன்னது போலவே காக்டெயில் (கொண்டையுள்ள கூண்டுக் கிளி) குஞ்சுக்குக் கட்டுப் போட்டேன். தாய் அலகால் டேப்பைக் கொத்திக் கொத்திப் பிரித்துவிடுகிறது. குஞ்சைத் தனியே எடுத்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாய் டேப்பை மட்டும் கொத்துகிறதா, காலையும் கொத்துகிறதா என்று ஓர் அரை மணி நேரம் ஒளிந்திருந்து பாருங்கள். டேப்பை மட்டும் என்றால், அதன் மேல் குஞ்சின் கால் நிறத்தை ஒத்த மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பல பறவைகள் அதை மறந்துவிடும். காலில் காயம் தெரிந்தால் குஞ்சை எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் எடுத்துவிட்டால் வெப்பம், உணவு இரண்டும் உங்கள் பொறுப்பு. இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கையால் ஊட்டும் கூழை வெப்பமானி வைத்துப் பார்த்து 39 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் கொடுங்கள். அதைவிடச் சூடானால் தீவனப்பை வெந்துபோகும். ஆறிப்போனதைக் கொடுத்தால் அங்கேயே தங்கிப் புளிக்கும். முன்பழக்கம் இல்லாதவர்கள் சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன், ஏற்கெனவே ஊட்டிப் பழகிய ஒருவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழலில் கூழ் இறங்கி இறக்கும் குஞ்சுகள் கால் கோணலால் கெடும் குஞ்சுகளைவிடக் குறைவல்ல என்பது என் எண்ணம்.

தனியே வைத்த குஞ்சுக்கு இன்னொரு எளிய உதவி உண்டு. அதன் உடல் கச்சிதமாக அடங்கும் அளவுள்ள சிறு கிண்ணத்தில் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து, நடுவில் குழிவு ஏற்படுத்தி, அதில் குஞ்சை உட்காரவையுங்கள். சுற்றிலும் உள்ள துணி கால்களை விலகவிடாமல் அணைத்துக்கொள்ளும். மிக இளம் குஞ்சாக இருந்து விரிவும் லேசாக இருந்தால், டேப் இல்லாமலேயே இது போதுமானதாகிவிடுவதுண்டு. கட்டு நிற்காமல் நழுவும் பெரிய குஞ்சுக்கு, பயன்படுத்தாத புதிய ஸ்பாஞ்சை வெட்டி, இடுப்பு அகலத்தில் இரண்டு துளைகள் இட்டு, கால்களை அவற்றின் வழியாக இறக்கிவிடும் முறையும் இருக்கிறது. எச்சத் துவாரம் மறைபடாதவாறு பின்பகுதியைக் குழிவாக வெட்டிக்கொள்ள வேண்டும். அழுக்கான ஸ்பாஞ்சை அன்றன்றே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் பட்ஜீஸ் ஜோடி வருடத்துக்கு 5 முறை குஞ்சு பொரிக்கிறது. சமீபத்திய இரண்டு ஈட்டிலும் எல்லாக் குஞ்சுகளுக்குமே கால் வளைந்திருக்கிறது. தினை மட்டும்தான் போடுகிறோம். தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சுண்ணாம்பு வேண்டாம். அது வாயையும் தீவனப்பையையும் புண்ணாக்கும் காரப்பொருள்.

ஒரு குஞ்சுக்கு மட்டும் கால் விரிந்திருந்தால் தரையைச் சந்தேகிக்க வேண்டும். ஈட்டில் உள்ள எல்லாக் குஞ்சுகளுக்கும் கால் எலும்பே வில்லாக வளைந்திருந்தால் தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டும். தினை, கம்பு, சாமை போன்ற தானியங்களில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைவிட அதிகம். சூரியகாந்தி விதையும் அப்படியே. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைப் பெண் பறவை முட்டையிடும் முன்பே தன் எலும்புகளின் உள்ளே சேமித்துக்கொண்டு, ஓடு உருவாகும்போது அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆண்டுக்கு 5 ஈடு என்றால் அந்தச் சேமிப்பு நிரம்ப நேரமே இல்லை. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதும் ஓட்டிலிருந்தே தன் எலும்புக்கான சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சுகிறது. ஓடே மெலிந்திருந்தால் குஞ்சு குறையோடுதான் வெளிவரும். தாய்க்கும் இது ஆபத்து: முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு ஒரே நாளில் உயிர் போகக்கூடும்.

ஆகவே முதல் வேலையாகப் பானையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 2 ஈட்டுக்கு மேல் விட வேண்டாம். கூண்டில் எப்போதும் ஒரு கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு, தொங்கட்டும். கோழி முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பொடித்தும் கொடுக்கலாம். வாரத்தில் சில நாள் முருங்கைக் கீரை, கொத்தமல்லி ஆகியவற்றைக் கழுவிக் கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பசலைக் கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதை நம்பியிருக்க வேண்டாம். சுண்ணாம்புச்சத்து குடலில் ஏற வைட்டமின் டி3 வேண்டும். அதை உடல் உண்டாக்கிக்கொள்ள வெயில் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் இதற்கு உதவாது. காலை இளவெயிலில் கூண்டை வெளியே வையுங்கள், ஆனால் பாதிக் கூண்டின் மேல் நிழல் விழட்டும். சேலத்துச் சித்திரை வெயிலை எண்ணினால் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

டி3 கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். மிகையானால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். வளைந்த கால் கொண்ட இப்போதைய குஞ்சுகளுக்கு நீங்களே டேப் போட வேண்டாம். எலும்பு மென்மையாகிப்போன குஞ்சின் அலகை விரலால் அழுத்தினால் ரப்பர்போல் வளையும். அந்நிலையில் கட்டுப் போடும் கையே எலும்பை முறித்துவிடக்கூடும்.

கேள்வி: சிறிய இன்குபேட்டர் வாங்கி நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்கவைத்தேன். ஒரு குஞ்சின் கால்கள் விரிந்திருக்கின்றன. இன்னொன்று விரல்களைச் சுருட்டிக்கொண்டு கணுக்காலில் நடக்கிறது. பக்கத்து வீட்டில் இரண்டு மாதக் கோழி ஒன்று ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிட்டது. மூன்றுக்கும் டேப் போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் குஞ்சுக்கு மட்டும் போடுங்கள். இன்குபேட்டரின் பிளாஸ்டிக் தட்டும், புரூடரில் (குஞ்சுகளை வெப்பமூட்டி வளர்க்கும் பெட்டியில்) விரிக்கும் செய்தித்தாளும் கோழிக்குஞ்சின் காலைக் கெடுப்பதில் பெயர் பெற்றவை. பொரிவதற்குச் சில நாள் முன்பே தட்டின் மேல் சொரசொரப்பான துணியையோ ரப்பர் வலையையோ விரித்துவிடுங்கள். புரூடரில் முதல் சில நாள் துணியும் அதன் பின் நெல் உமியும் போதும். கோழிக்குஞ்சு பொரிந்த நாளிலேயே எழுந்து நடக்க வேண்டியது. அதனால் முதல் நாளிலேயே கட்டினால் பெரும்பாலும் சில நாட்களில் நேராகிவிடும். கட்டுடன் தீவனத் தட்டை எட்ட முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குஞ்சின் குறை நரம்பில் இருக்கிறது. வைட்டமின் பி2 போதாதபோது விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, குஞ்சு கணுக்கால் மூட்டில் ஊன்றி நடக்கும். குருணை மட்டுமே தின்னும் கோழிகளின் குஞ்சுகளுக்கு இது வரும். பி வைட்டமின்கள் கலந்த மருந்தைத் தண்ணீரில் கொடுத்து, குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றினால் ஆரம்ப நிலையில் மீண்டுவிடும். நாள்பட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, கணுக்கால் மூட்டு வீங்கித் தட்டையாகி, அதற்குக் கீழே கால் வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்வது. மூட்டின் பின்னுள்ள தசைநார் தன் பள்ளத்திலிருந்து நழுவிவிட்டதே இதற்குக் காரணம்; மாங்கனீஸ், கோலைன் ஆகிய சத்துகளின் குறைவு இதைத் தூண்டும். நழுவிய தசைநாரை முதல் ஓரிரு நாளுக்குள் தேர்ந்த கை பழைய இடத்துக்குத் தள்ளிவிட முடியும். கால்களைச் சேர்த்துக் கட்டுவதால் எதுவும் ஆகாது.

பக்கத்து வீட்டுக் கோழி படுத்திருக்கும் விதம் மாரெக்ஸ் நோயைக் குறிக்கிறது. இது வைரஸ் நோய்; மருந்து கிடையாது, பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு. காற்றில் பறக்கும் தோல் துகள் வழியாகப் பரவுவதால், உங்கள் குஞ்சுகளை அந்தக் கொட்டிலிலிருந்து தள்ளியே வையுங்கள். கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 4 மாதக் காக்டெயில் ஒன்றை விலை குறைவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டோம். ஒரு கால் முழுவதும் பக்கவாட்டில் நிற்கிறது. இனிச் சரியாகுமா? குஞ்சு பொரிக்க விடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எலும்பு இறுகிவிட்டதால் டேப்பால் ஆகாது. எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு; பறவைகளில் பயிற்சியுள்ள மருத்துவரே செய்ய வேண்டும். சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்கள் மாவட்டத்தின் கால்நடைப் பன்முக மருத்துவமனையிலோ எக்ஸ்ரே எடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு கால் நன்றாக ஊன்றி, தானே தின்று, ஏறி இறங்கித் திரியும் பறவைக்கு அறுவையே தேவையில்லை என்பது என் கருத்து. கம்பிக் குச்சிகளுக்குப் பதில் அகலமான தட்டைப் பலகைகளைத் தாழ்வாக அமைத்து, அவற்றின் மேல் துணி சுற்றிவிடுங்கள். உடல் எடை முழுவதும் ஒரே பாதத்தில் இறங்குவதால் அந்தப் பாதத்தின் அடித்தோல் சிவந்து புண்ணாகும். வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பகுதி இறகில் எச்சம் ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இக்குறை பெரும்பாலும் வளர்ப்புச் சூழலால் வருவது. இருந்தாலும் உங்கள் பறவை எந்த ஜோடிக்குப் பிறந்தது, உடன்பிறந்தவை எப்படி இருந்தன என்று தெரியாத நிலையில் அதை ஜோடி சேர்க்காமல் விடுவதே நல்லது. பெண்ணாக இருந்தால், கால் ஊன்றிச் சமன் செய்ய முடியாமல் ஜோடி சேர்வதும் அடைகாப்பதும் அதற்கே துன்பம்.

கேள்வி: தென்னை மரப் பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு கால் வளைந்திருக்கிறது. எத்தனை நாள் கட்டுப் போட வேண்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: விழுந்த குஞ்சின் கால் வளைந்திருந்தால் அது முறிவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்; ஆகவே கட்டுப் போடாதீர்கள். அதோடு, பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப்பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். குணமான பின் விட்டுவிடலாம் என்று வைத்துக்கொள்ளும் குஞ்சு மனிதருக்குப் பழகிவிட்டால் வெளியே பிழைக்காது. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் மடித்த பருத்தித் துணியை விரித்து, அதில் குஞ்சை வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் மூடிவையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.